ருமைசாவின் வலது கை

ருமைசாவுக்கு ஒன்பது வயது. தலையில் இருந்த கட்டியை அறுவை செய்து எடுத்த பிறகு வலது கையும் காலும் துவண்டுவிட்டன. காலையில் அவள் அம்மா அவளை மறுவாழ்வு மையத்தில் விட்டுவிட்டுத் தையல் கம்பெனிக்குப் போவாள். மாலையில்தான் திரும்புவாள்.

உடற்பயிற்சி முடிந்ததும் அக்குபங்சர். வாரத்தில் பாதி நாள் ஊசி வைப்பவர் தணிகாசலம். மருந்தாளுநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஐம்பத்தொன்பது வயதில் டாக்டர் ஜெசிந்தாவிடம் கற்க வந்தவர். டாக்டருக்கு முப்பத்தாறு.

ஊசிகளை வைத்ததும் தணிகாசலம் திரையை இழுத்து மூடிவிட்டுப் போவார். இருபது நிமிடம் கழித்து வந்து எடுப்பார்.

மூன்றாவது வாரம் டாக்டரிடம் கேட்டார்.

“நீங்க வைக்கிற அன்னைக்கு ருமைசா விரலை அசைக்கப் பாக்குறா. நான் வைக்கிற அன்னைக்குச் சும்மா கிடக்கா. எந்தப் புள்ளியில தப்பு பண்றேன்?”

“படுங்க சார்.”

படுத்தார். குழந்தைக்கு வைக்கும் அதே இடங்களில் அவருக்கும் வைத்தார் டாக்டர். திரையை மூடிவிட்டுப் போய்விட்டார்.

மின்விசிறி சுற்றியது. வராந்தாவில் யாரோ சிரித்துக்கொண்டே போனார்கள். மனைவி இறந்த பிறகு வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் இருந்தன. “டாக்டர்” என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிடக் கூச்சமாக இருந்தது.

இருபது நிமிடம் கழித்துத் திரை விலகியது.

“வலிச்சுதா?”

“இல்ல.”

ஊசிகளை எடுத்தார் டாக்டர்.

அடுத்த முறை ஊசி வைத்த பின், தணிகாசலம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ருமைசாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்கடுத்த முறையும் அப்படியே. அவர் பேச்சுக் கொடுக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. ஐந்தாம் முறை அவள் திரும்பினாள்.

“தாத்தா, இந்தக் கையால மறுபடி எழுதுவேனா?”

“இதோ வந்துடறேம்மா” என்று அவர் எழுந்து டாக்டர் அறைக்கு விரைந்தார்.

“இன்னைக்குத்தான் என்கிட்ட வாயத் திறந்திருக்கா. கை வருமான்னு கேக்குறா டாக்டர். வரும்னு சொன்னா பொய்யாயிடலாம். வராதுன்னு எந்த வாயால சொல்றது? நான் என்ன சொல்லட்டும்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“எனக்கும் தெரியாது சார். இப்ப அவகூட யாரு இருக்கா?”