தண்ணீரில் தெரிந்த படுதா

தாமரைக்குளத்தின் கரையில் இருந்த மருதமரத்தில் ஒரு தையல்சிட்டு குடியிருந்தது. பெயர் தையல்நாயகி. உருவம் கட்டைவிரல் அளவுதான். பெருமையோ அந்த மருதமரத்தளவு!

அந்தப் பெருமை சும்மா வந்ததில்லை. இலவம்பஞ்சைத் திரித்து நூலாக்கி, அலகையே ஊசியாக்கி அவள் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்தால், சேர்த்த இடம் எதுவென்று எறும்புக்குக்கூடத் தெரியாது. அந்தக் காட்டுக் குஞ்சுகளில் பாதி அவள் தைத்த கூட்டில் கண் திறந்தவை.

ஒவ்வொரு வருடமும் முதல் மழையை ஒட்டி அங்கே கூத்து நடக்கும். அந்த வருடம் கூத்துக்குப் பொறுப்பாளர் உடும்பு உத்தண்டியார். அவருக்கு அது முதல் வருடம். எதையும் பிடித்தால் விடமாட்டார். உடும்பாயிற்றே!

"நாயகி! இந்தத் தடவை கூத்துக்கு ஒரு படுதா வேணும். குளக்கரையில நிக்கிற ரெண்டு மரத்துக்கும் நடுவுல, தரையைத் தொடுற மாதிரி! இந்தக் காடு அப்படி ஒண்ணைப் பார்த்திருக்கவே கூடாது!"

"இனிமேல் பார்க்கப் போகுது, அண்ணாச்சி!" என்றாள் நாயகி.

கோடையில் தேக்கெல்லாம் மொட்டையாக நின்றது. ஓடைக்கரைத் தேக்கில் மட்டும் நாற்பது இலைகள் மிச்சம் இருந்தன. அந்த நாற்பதையும் கொண்டுவந்து, நரம்போடு நரம்பு பொருந்தும்படி வைத்து, ஐந்தே நாளில் தைத்து முடித்துக் கொடியில் தொங்கவிட்டாள். கூத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. வேலை முடிந்தது, அப்பாடா என்று இறக்கையைத் தளர்த்தினாள்.

அப்போதுதான் ஆளாளுக்கு வந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

முதலில் ஆடப்போகிற மயில் வந்தது. "என்னம்மா இது, என் தோகையை விட எடுப்பா இருக்கே! கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"

அடுத்து உத்தண்டியார் வந்தார். மூக்கைப் படுதாவில் வைத்து உரசிக்கொண்டே பார்த்தார். "தையல் ரொம்ப நெருக்கம். தள்ளித் தை!" மறுநாளும் அவரே வந்தார். "ஏன் இப்படித் தள்ளித் தள்ளித் தைச்சிருக்கே? நெருக்கித் தை!"

அப்புறம் குளத்துத் தவளை வந்தது. தலையை இப்படிச் சாய்த்தது, அப்படிச் சாய்த்தது. "என்னன்னு சொல்லத் தெரியல. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது!"

இந்த ஒரு வாக்கியம் இருக்கிறதே, கையால் எதையாவது செய்கிறவர்களின் தூக்கத்தை இதைவிட அதிகமாகக் கெடுத்த வாக்கியம் கிடையாது.

கடைசியாகப் பக்கத்துக் கிளைக்காரன் வந்தான். அவன் பெயர் சின்னான். கொண்டை வைத்த குருவி. நாயகியிடம் பாசமானவன். "அக்கா, படுதா ஜோர்! இடது ஓரம் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கு" என்றான்.

"நீயுமாடா!" என்று கத்திவிட்டு நாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாவம், அவளுக்கு எல்லாம் ஒன்றுபோலவே குத்தியது. மயிலின் பொறாமை, உத்தண்டியாரின் பயம், தவளையின் புலம்பல், சின்னான் சொன்ன உண்மை, எதையும் அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. படுதாவைச் சொன்னால் தன்னையே சொன்னதுபோல நெஞ்சு எரிந்தது. உடனே பிரிப்பாள். மறுபடி தைப்பாள். மறுபடி பிரிப்பாள்.

சின்னான் தினமும் ஒரு புழுவைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான். புழு பாட்டுக்கு ஊர்ந்து போயிற்று. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"அக்கா, உன் இறகெல்லாம் கொட்டுது! கொஞ்சம் படுத்து எந்திரி!"

"கூத்து முடியட்டும்!"

ஆனால் இறகைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. பிரித்தால் நூல்தான் போகும், துளை போகாது. தைத்துத் தைத்துப் பிரித்ததில் இலை ஓரங்களெல்லாம் சல்லடையாகிவிட்டன. இன்னும் ஒரே ஒருமுறை பிரித்தால் நாற்பது இலையும் கிழிந்துவிடும். வேறு தேக்கிலை அந்தக் காட்டில் எங்கும் இல்லை.

கூத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது உத்தண்டியார் வாலை அடித்துக்கொண்டு வந்தார். 

"இது சரிப்படாது, நாயகி! முழுசாப் பிரி! முதல்லேருந்து தை!"

"முழுசாவா?"

"முழுசா! நாளைக்குக் காலையில வந்து பார்ப்பேன்!"

'பிரிச்சுடறேன். கிழிஞ்சா கிழியட்டும். அதோட நூலைத் தொடறதில்லை. நாயகின்னு ஒருத்தி இருந்தாள்னு போகட்டும்' என்று நாயகி முடிவு செய்துவிட்டாள். அழுவதை யாரும் பார்க்க வேண்டாமென்று எதிர்க்கரைக்குப் பறந்து போய்த் தண்ணீர் குடிக்கக் குனிந்தாள்.

சாயங்கால வெயில். காற்றில்லாத குளம். அந்தத் தண்ணீருக்குள் ஒரு படுதா தெரிந்தது!

நாயகிக்கு நெஞ்சு திக்கென்றது. 'யாருடி இவ? என் குளத்துல, எனக்கே போட்டியா?'

அவள் பேரிலும் தப்பில்லை. பத்து நாளாக அவள் படுதாவை ஓர் அலகு தூரத்தில்தான் பார்த்திருந்தாள். துளை, நூல், முடிச்சு இவைதான் அவள் கண்ணில் பட்டவை. முழுப் படுதாவை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதுவும் இப்போது தலைகீழாகத் தெரிந்தால் அடையாளம் எப்படித் தெரியும்?

வந்த ஆத்திரத்தில் குறை கண்டுபிடிக்கலாம் என்று உற்றுப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஆத்திரம் மெல்ல இறங்கியது. தொழில்காரியின் கண் விழித்துக்கொண்டது.

"நரம்போட நரம்பு என்னமாச் சேர்த்திருக்கா! நாற்பது இலையும் ஒரே இலை மாதிரி இருக்கு. கைகாரிதான், சந்தேகமே இல்லை! இடது ஓரம் மட்டும் தளர்ந்திருக்கு. மூணு தையல் போட்டா நின்னுடும்."

தையலைக் கிட்டத்தில் பார்க்க இன்னும் குனிந்தாள். அலகு தண்ணீரில் பட்டது. படுதா நெளிந்து, உடைந்து, கலைந்தது!

பதறிப்போய்த் தலையைத் தூக்கினாள். எதிர்க்கரையில், இரண்டு மரங்களுக்கு நடுவே, பொன்வெயிலில் அதே படுதா தொங்கியது.

"அட! அது என்னோடது!"

நாயகி சிரித்தாள். அழுகையும் சேர்ந்து வந்தது. தன் கையைத் தானே மெச்சிய சந்தோஷத்தில் அந்தக் குட்டி உடம்பு சிலிர்த்தது. பறந்து போய்ச் சின்னான் முன்னால் இறங்கினாள்.

"சின்னா! நீ சொன்னது சரிடா. இடது ஓரம் தளர்ந்துதான் இருக்கு. புழு ஏதாவது இருக்கா? பசி உயிர் போகுது!"

இரண்டு புழு தின்றாள். விடியும்வரை அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். காலையில் எழுந்து மூன்றே மூன்று தையல் போட்டாள்.

உத்தண்டியார் வந்தார். கூடவே மயிலும் தவளையும்.

"என்ன நாயகி! பிரிக்கவே இல்லையா?" என்று உத்தண்டியார் சீறினார்.

"பிரிக்க மாட்டேன், அண்ணாச்சி. இனிப் பிரிச்சா இலை தாங்காது. எந்த இடம் சரியில்லைன்னு காட்டுங்க, இப்பவே தைச்சுத் தர்றேன். காட்ட முடியலைன்னா அது படுதாவோட குறை இல்லை!"

மயில் தொண்டையைக் கனைத்தது. "என் தோகை..."

"உங்க தோகைக்கு என்ன, ராசா மாதிரி இருக்கு! அது உங்க கவலை. படுதாவோட கவலை இல்லை."

தவளை முன்னால் வந்தது. "ஆனா ஏதோ ஒண்ணு குறை..."

"எங்கே, மாமா? தொட்டுக் காட்டுங்க!"

தவளை பார்த்தது. தலையை இப்படிச் சாய்த்தது. அப்படிச் சாய்த்தது. "காலையிலேருந்து நான் ஒண்ணும் சாப்பிடல. ஒருவேளை அதுவா இருக்குமோ?"

உத்தண்டியார் மட்டும் பிடியை விடவில்லை. நாயகி அவரைக் குளத்தைச் சுற்றி எதிர்க்கரைக்கு அழைத்துப் போனாள். "இங்கே நின்னு பாருங்க. நான் தைச்சதுன்னு நினைக்காதீங்க. பக்கத்துக் காட்டுலேருந்து வந்ததுன்னு நினைச்சுக்கோங்க."

உத்தண்டியார் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டார்.

"பக்கத்துக் காட்டுல இப்படி ஒண்ணு இருந்தா எனக்கு வயிறு எரியும், தாயி!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "முதல் வருஷம் பாரு. எங்கே பேர் கெட்டுடுமோன்னு நானும் மூக்கை வைச்சே பார்த்துட்டு இருந்துட்டேன்."

கூத்தன்று மயில் ஆட வருவதற்குள் காற்று கிளம்பியது. கிளைகள் முறிந்தன. படுதா புடைத்தது, விம்மியது, இழுத்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இடது ஓரத்தில் அந்த மூன்று தையலும் விறைத்து நின்றன. ஓர் இலைகூடக் கிழியவில்லை! முதல் துளி விழுந்ததும் நாற்பது இலையும் பளபளத்தன. கூத்து தொடங்கும் முன்பே காடு முழுக்கக் கைதட்டியது, சிறகு தட்டியது, வால் தட்டியது.

நாயகி எதிர்க்கரையில் ஓர் எருக்கிலை அடியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். தவளை தத்தித் தத்தி அவளிடம் வந்தது.

"ஒண்ணுமே குறையல, நாயகி!"

"மூணாவது தையல் கொஞ்சம் நீளம், மாமா" என்றாள் நாயகி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். இந்த வருஷத்துக்கு இது அருமையான படுதா. நான் தைச்சது!"

தன் வேலையைச் சற்றே எட்டி நின்று, வேறொருவர் வேலையைப் போலப் பார்க்கப் பழகியவர், திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டு மற்றதை ஒதுக்கிவிடுவார். அவர் வேலையும் கிழியாது, அவரும் கிழிந்துபோகமாட்டார்.