நாரை வீரனுக்கு வேர்த்தது

"பிரிக்கட்டுங்களா, வேண்டாங்களா? அதைய மட்டும் சொல்லுங்க டீச்சர்."

குழந்தைவேலு பெட்டியை இஸ்திரி மேசைமேல் வைத்தார். வைத்தார் என்று சொன்னால் போதாது. தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல் மெல்ல இறக்கினார்.

திருப்பூரில் பட்டன் மொத்த வியாபாரம். வயது ஐம்பத்தெட்டு. மூட்டையில் நாலு பட்டன் நிறம் மாறியிருந்தால் மூட்டையையே திருப்பி அனுப்பிவிடுகிற ஆள். அப்படிப்பட்டவருக்குத்தான் இப்போது ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்ப வழி தெரியவில்லை.

டீச்சருக்கு வயது முப்பத்து நாலு. பெயர் மேகலா. லாண்டரி நடத்துகிறார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. துணியோடு கவலையையும் கொண்டுவந்து கொட்டிய யாரோ ஒருவர் அப்படிக் கூப்பிட, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. துணி மூன்று நாளில் திரும்பக் கிடைக்கும். கவலைக்கு அவர் நாள் சொல்வதில்லை.

"உள்ள யாருங்க ஐயா?"

"நாரை வீரனுங்க. ஜப்பான்ல செஞ்ச பொம்மை. நாலு வருசமாத் தேடி, போன வாரந்தான் கையில கெடச்சான்."

பெட்டியின் முன்பக்கம் கண்ணாடித் தாள். அதற்குள், ஒன்றரை அடி உயரத்தில், நாரைமேல் ஏறி வாளை ஓங்கியபடி ஒருவன். நல்ல அழகன்தான். குறை சொல்ல மனம் வராது.

குழந்தைவேலுவுக்கு வந்தது.

"மூஞ்சியப் பாருங்க. மினுமினுங்குது. என்னமோ கசியுதுங்க. பிளாஸ்டிக்குலயே கோளாறு."

"திருப்பி அனுப்பிருங்க."

"கம்பெனிக்கு எழுதுனேனுங்க. ஆதாரம் கேக்கறாங்க. பொம்மை மேல காயிதத்த ஒட்ட வெச்சு, அது ஒட்டறதப் போட்டோ எடுத்து அனுப்போணுமாம்."

"அனுப்புங்க."

"அதுக்குப் பெட்டியப் பிரிக்கோணுமே."

"பிரிங்க."

"பிரிச்சாத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்களாமுங்க!"

மேகலா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க டீச்சர். நாளையோட கெடு முடியுது. பிரிச்சுட்டா, காலத்துக்கும் இந்தக் கோளாறோட எங்கூட்லதான் கெடப்பான். பிரிக்காட்டியும் எங்கூட்லதான். ரெண்டு நாளாச் சோறு எறங்கலீங்க."

"வீட்ல இன்னும் இருக்குதுங்களா?"

"நாப்பது இருக்குதுங்க. பதினோரு வருசமாச் சேத்தறேன்."

"அவங்களுக்கெல்லாம் எப்படி? மினுமினுப்பு உண்டுங்களா?"

"தெரியலீங்க. ஒண்ணையும் பிரிச்சதில்ல. சீல் போனா மதிப்புப் போயிருமே. துணியச் சுத்தி பீரோவுல வெச்சிருக்கறேன். எங்கூட்டுக்காரம்மாவே பாத்ததில்லீங்க."

"நீங்க?"

"வந்தன்னிக்குப் பாப்பேனுங்க."

மேகலா மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்தார்.

"வலது கைய நீட்டுங்க."

நீட்டினார். பட்டுப்புடவை போட்டுக் கொடுக்கிற பாலித்தீன் கவர் ஒன்றை மேகலா அந்தக் கையில் மாட்டினார். மணிக்கட்டில் நூலால் இறுக்கிக் கட்டினார். முடிச்சின்மேல் துணிக்குக் குத்துகிற டோக்கனையும் குத்திவிட்டார்.

"மெசின்ல ஒரு ஈடு துணி ஓடுது. அது முடியறவரைக்கும் உக்காருங்க."

உட்கார்ந்தார். ஏன் என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் இடது கையையும் கட்டிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

வேட்டி வாங்க வந்த ஒருவர் அந்தக் கையைப் பார்த்துப் பதறினார்.

"அடிபட்டிருச்சுங்களா?"

"இல்லீங்க. சீல் வெச்சிருக்குது."

வந்தவர் வேட்டியை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

கால் மணி நேரத்தில் கை அரித்தது. அரை மணி நேரத்தில் கவரின் உட்புறம் பனி பிடித்தது. விரலோடு விரல் வழுக்கியது.

"டீச்சர், அவுத்து உட்டுருங்க. கையெல்லாம் பிசுபிசுங்குது."

"அவுக்கலாம். ஆனா, அவுத்தாத் திருப்பி எடுத்துக்க மாட்டேன்."

"எதையுங்க?"

"கையத்தான்."

குழந்தைவேலுவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"கைய எதுக்குங்க திருப்பிக் குடுக்கோணும்? கையில என்ன கோளாறு? நல்லாத்தான இருக்குது. காத்துப் போகாம அடச்சு வெச்சா வேர்க்காம என்ன..."



திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். நாரை வீரன் கண்ணாடித் தாளுக்குப் பின்னால், முகமெல்லாம் மினுமினுக்க, அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குழந்தைவேலு நூலைப் பல்லாலேயே கடித்து அறுத்தார். கவரை உதறினார். ஈரம் காயாத அதே கையால் பெட்டியின் சீலைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, இழுத்தார்.

கிர்ரென்று வந்துவிட்டது. பதினோரு வருடத்தில் முதல் தடவை. வீரனை வெளியே எடுத்து முகத்தைத் தொட்டார்.

"ஒட்டுதுங்க டீச்சர்" என்றார். புகார் சொல்கிற குரலாக அது இல்லை.

மேகலா ஒரு பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் கொண்டுவந்து வைத்தார்.

குழந்தைவேலு சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். வீரனின் முகத்தைத் தேய்த்தார். அக்குளில் விரல் விட்டுத் தேய்த்தார். நாரையின் கழுத்தை உருவிவிட்டார். அதன் கால்விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் சோப்புப் போட்டார். வேட்டியெல்லாம் நனைந்தது. அவருக்கு அப்படியொரு சந்தோஷம். வாய்க்குள் ஏதோ பாட்டுக்கூட வந்தது.

துண்டால் துடைத்தார். ஒட்டவில்லை. இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். ஒட்டவே இல்லை.

தூக்கி வெளிச்சத்தில் பிடித்தவர், கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"டீச்சர், எடது கண்ணக் கோணையா வரஞ்சிருக்கறாங்க. கண்ணாடித் தாளுக்குள்ள தெரியவே இல்ல பாருங்க."

"ஆதாரத்துக்குப் போட்டோ எடுக்கட்டுங்களா?"

"எடுங்க." வீரனைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஈரக்கையால் தன் தலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். "ரெண்டு பேரையும் சேத்து எடுங்க."

மேகலா எடுத்துக் காட்டினார். படத்தில் இருவருமே பல் தெரிய இருந்தார்கள்.

சிரித்துக்கொண்டிருந்த குழந்தைவேலு திடீரென்று எழுந்தார். முகம் மாறிவிட்டது. போனைத் தேடி எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"சாந்தாமணி, பெரிய அண்டாவுல தண்ணி காய வெய்யி. ரொம்பச் சூடு வேண்டாம். வெதுவெதுன்னு இருந்தாப் போதும்."

மனைவியின் குரல் லாண்டரி முழுக்கக் கேட்டது.

"அவ்வளவு தண்ணி எதுக்குங்க? யாரு வர்றாங்க?"

"யாரும் வர்ல. எல்லாரும் நம்மூட்லதான் இருக்கறாங்க. நாப்பது பேரு குளிக்கோணும்."