ஏட்டையாவின் ஃபிரெஞ்சு டிஃபன்ஸ்

"டீச்சர், அந்தச் சிப்பாய் என் கழுத்துல வந்து உக்காந்துக்கிடுது. என்ன செஞ்சாலும் எந்திரிக்க மாட்டேங்கு."

சொன்னவர் ஏட்டு சுடலைமுத்து. ஐம்பதைத் தாண்டியவர். கேட்டுக்கொண்டிருந்த நப்பின்னைக்கு வயது இருபத்துநான்கு. தூத்துக்குடியில், செல்போன் கடைக்கு மேல்மாடியில் செஸ் சொல்லிக்கொடுக்கிறவள்.

கறுப்புக் காய் வந்தால் ஏட்டுக்கு ஃபிரெஞ்சு டிஃபன்ஸ் என்கிற தொடக்கம்தான். வெள்ளை இரண்டு சிப்பாய்களை நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். கறுப்பு முதலில் அடக்கமாக ஒரு கட்டம் நகரும், அடுத்து இன்னொரு கறுப்புச் சிப்பாய் நேருக்கு நேர் போய் நிற்கும். உடனே அந்த இரண்டு வெள்ளைச் சிப்பாய்களில் ஒன்று இன்னும் ஒரு கட்டம் முன்னேறி, கறுப்பின் எல்லைக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

அங்கேதான் ஏட்டுக்கு மூச்சு முட்டும். போன வருஷம் போலீஸ் விளையாட்டுப் போட்டியில் டி.எஸ்.பி. ஜெயசீலனிடம் தோற்றதும் அப்படித்தான்.

"நீங்க என்ன செஞ்சீங்க ஏட்டையா?"

"முட்டுனேன்."

"எதை?"

"அந்தச் சிப்பாயைத்தான். ராஜா பக்கத்துல நின்ன ஆளை அனுப்பி முட்டுனேன். ராஜாவுக்குக் காவல் இல்லாமப் போச்சு."

நப்பின்னை அந்த நிலையை அப்படியே பலகையில் அடுக்கினாள்.

"ஆடுங்க."

முட்டினார். தோற்றார்.

மறுபடி அடுக்கினாள். மறுபடி முட்டினார்.

ஒரு வாரம் இப்படியே போயிற்று.

"ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்க டீச்சர். திட்டவாவது செய்ங்க."

நப்பின்னை காய்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "மாதா கோயில் தேர்க் கூட்டத்துல டூட்டி பார்த்திருக்கீங்கள்ல?"

"சர்வீஸ்ல சேர்ந்த நாள்ல இருந்து."

"ஒருத்தன் இன்னொருத்தன் தோள்ல ஏறி நின்னு கலாட்டா பண்றான். யாரைப் பிடிப்பீங்க?"

ஏட்டு சிரித்துவிட்டார். "மேல நிக்கிறவனை எட்டியா பிடிக்க முடியும்? கீழ ஒருத்தன் இருப்பாம்லா, அவன் இடுப்பைப் பிடிச்சு ஒரு..."

சட்டென்று முன்னால் குனிந்தார்.

பலகையைப் பார்த்தார். கழுத்தில் உட்கார்ந்திருந்த சிப்பாய்க்குப் பின்னால், சாய்வாக, அதற்குத் தோள் கொடுத்து நின்றது இன்னொரு வெள்ளைச் சிப்பாய்.

ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் நின்ற கறுப்புச் சிப்பாயை அவர் கை மெல்ல இரண்டு கட்டம் தள்ளியது.

"டீ சொல்லட்டுமா?" என்றாள் நப்பின்னை.

இந்த வருஷமும் போட்டியில் கடைசிச் சுற்று டி.எஸ்.பி.யோடுதான். இந்த வருஷமும் ஏட்டுக்குக் கறுப்பு.

வெள்ளைச் சிப்பாய் வந்து கழுத்தில் உட்கார்ந்தது. ஏட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் நின்றதைத்தான் குறிவைத்துத் தாக்கினார். முதலில் சிப்பாயால். பிறகு குதிரை வந்தது. ராணி வந்தாள். டி.எஸ்.பி. ஓடி ஓடி முட்டுக்கொடுத்தார். கடைசியில் அது விழுந்தது. கொஞ்ச நேரத்தில், ஆதரவில்லாமல் நின்ற முன்வரிசைக்காரனையும் ஏட்டு எடுத்துப் பலகைக்கு வெளியே வைத்தார்.

டி.எஸ்.பி. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ஒரு காயை நகர்த்திவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"என்ன ஏட்டு, டிரா வச்சுக்கிடுவமா?"

டிரா என்றால் கோப்பை டி.எஸ்.பி.க்கு. முந்தைய சுற்றுகளில் ஏற்கெனவே அவருக்கு அரைப் புள்ளி கூடுதல். சுற்றி நின்ற அதிகாரிகள் எல்லோரும் ஏட்டின் முகத்தைப் பார்த்தார்கள்.

அந்த மாதிரிக் குரலுக்கு அவர் வாய் இத்தனை வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. 'சரிங்கய்யா' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

ஒரு வார்த்தைக்காக, பார்வையாளர் வரிசையில் இருந்த நப்பின்னையைப் பார்த்தார்.

அவள் எழுந்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

சுடலைமுத்து நிமிர்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"மன்னிக்கணும்யா. இப்ப கறுப்போட முறை."