ஒரு பஞ்சாங்கத்துக்கு ஐந்து புராணம்

முன்னொரு காலத்தில் செம்மலை நாட்டை மாறங்கோ என்றொரு ராஜா ஆண்டான். ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத மனுஷன். அப்பேர்ப்பட்டவன் சித்திரை பிறந்த பன்னிரண்டு நாளாக அரண்மனையை விட்டு வெளியே போகவில்லை. புதுப் பஞ்சாங்கத்தில் 'பயணம் ஆகாது' என்று போட்டிருந்ததே, என்ன செய்வான்? கூண்டுப் புலி மாதிரி சபையைச் சுற்றிச் சுற்றி நடந்தான். மந்திரிமார் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடினார்கள்.

பஞ்சாங்கம் எழுதும் உரிமை அரண்மனைச் சோசியர் அம்பலவாணர் ஒருவருக்குத்தான். அதைப் பார்க்காமல் அந்த நாட்டில் ஒருத்தர் தலைமுழுக மாட்டார். ஆகவே கடை வைத்தவர்களெல்லாம் அதை வாங்கி விற்க அவரிடம்தான் போயாக வேண்டும். அவர் போட்ட நிபந்தனையைக் கேளுங்கள். ஒரு பஞ்சாங்கம் வேண்டுமானால், தன்னைத் தானே புகழ்ந்து அவர் எழுதிய 'சோசியர் புராணம்' ஐந்து கட்டு சேர்த்து எடுக்க வேண்டும். வேறொருத்தர் ஏட்டைக் கடையில் வைக்கவும் கூடாது. அடாவடிதானே இது?

மளிகைக்கடை இருளாயிக்கு அரிசி மூட்டை இறக்க இடமில்லை, அத்தனை புராணம். எலிகூட அதைச் சீண்டவில்லை. "இனிமே ஒரு கட்டும் எடுக்க மாட்டேன்" என்றுவிட்டாள்.

சோசியர் நேரே ராஜாவிடம் போய் ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னார். ராஜா நடந்தபடியே உத்தரவு போட்டான். "பொழுது சாய்வதற்குள் அவள் நாற்பது கட்டு எடுக்க வேண்டும். இல்லையேல் கடையைப் பூட்டுங்கள்."

அந்தக் கடைதான் இருளாயிக்குச் சோறு. நிற்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் பஞ்சாங்கத்தை ஏடு ஏடாகப் புரட்டினாள். பிறகு அதை மடியில் கட்டிக்கொண்டு சபைக்கு ஓடினாள்.

"மகாராஜா, சரக்கை எடுத்துக்கிறேன். நல்ல நேரத்தை மட்டும் சோசியர் ஐயா பார்த்துச் சொல்லட்டும். கெட்ட நேரத்துல சரக்கெடுத்தா ராஜாவுக்கே ஆகாதுன்னு இதுல எழுதியிருக்கு."

ராஜா சட்டென்று நின்றான். "எனக்கா? வாசியும் சோசியரே."

சோசியர் புரட்டினார். இன்று ஆகாது. நாளையும் ஆகாது. வைகாசி, ஆனி, ஆடி, ஒன்றும் தேறவில்லை. எப்படித் தேறும்? பரிகாரம் கேட்டு சனங்கள் தன் வாசலில் வந்து நிற்கட்டும் என்று வருஷம் முழுக்க ஆகாது, ஆகாது என்றே எழுதி வைத்தவர் அவர்தானே! வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சோசியர் ஏட்டை மூடினார்.

"அது... சும்மா ஒரு வழக்கத்துக்கு எழுதுவது, மகாராஜா. பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாராளமாகச் சரக்கெடுக்கலாம்."

ராஜா சோசியர் பக்கம் திரும்பினான்.

"அப்படியானால், பயணம் ஆகாது என்று எழுதியதும்?" என்று கேட்டான் ராஜா.

சோசியர் பஞ்சாங்கத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"பன்னிரண்டு நாள், சோசியரே. என் குதிரை என்னை மறந்தே போயிருக்கும்."

உத்தரவு அங்கேயே மாறியது. இனி யார் வேண்டுமானாலும் பஞ்சாங்கம் எழுதலாம். கடைக்காரர்கள் பிடித்ததை வாங்கி விற்கலாம். கடை கடையாகத் தேங்கிக் கிடந்த புராணமெல்லாம் வண்டி வண்டியாகச் சோசியர் வீட்டுக்கே திரும்பிப் போயிற்று.

"நீரும் உம் வீட்டுக்குள் போம். உம்முடைய பஞ்சாங்கத்தில் பயணத்துக்கு நல்ல நாள் வரும் அன்றைக்கு வெளியே வாரும்" என்று சொல்லிவிட்டு ராஜா குதிரை ஏறினான்.

இருளாயிக்கு ஒரு வண்டி அரிசி பரிசு வந்தது. இறக்கி வைக்க இப்போது இடமும் இருந்தது. சோசியரோ அந்தப் பஞ்சாங்கம் முடிந்து அடுத்த சித்திரை பிறக்கும் வரை கதவைச் சாத்திக்கொண்டு, தன் புராணத்தைத் தானே படித்துக்கொண்டு கிடந்தார்.