ஒரு நோட்டுகூடத் தப்பில்லை

கிளாட்வினிடம் சாக்ஸபோன் கற்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரை மாஸ்டர் என்பார்கள். அவர் அவர்களை அண்ணா, அக்கா என்பார்.

அன்று மதியம் ஜெசிந்தா செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு உள்ளே வந்தாள். மாஸ்டர் ஒரு பழைய சாக்ஸபோனைப் பிரித்துப்போட்டு, தேய்ந்த திருகுகளை மாற்றிக்கொண்டிருந்தார்.

"என்னைத் தூக்கிட்டாங்க மாஸ்டர்."

"யாரு?"

"பேண்டை நடத்துற ஆஸ்டின் அங்கிள்தான். சனிக்கிழமை கச்சேரிக்கு நான் மேடை ஏற வேண்டாமாம். 'வீட்டுக்குப் போம்மா, அப்புறம் பாக்கலாம்'னு எல்லார் முன்னாடியும் சொல்றார்."

"என்ன நடந்துச்சு?"

"என்ன நடக்கணும்? நீங்க அனுப்பின லிங்க் ஒண்ணு விடலை. அந்த நியூயார்க்காரர் வீடியோ மொத்தமும் முடிச்சாச்சு. பாட்டை மெதுவாக்குற ஆப்ல போட்டு, பெரிய பெரிய ஆளுங்க வாசிச்சதையெல்லாம் நோட் நோட்டா எடுத்து வெச்சிருக்கேன். போன்ல பியானோவும் டிரம்ஸும் மட்டும் இருக்கிற பேக்கிங் ட்ராக் ஓடும், அடுப்புல குழம்பு கொதிக்கும், பாப்பா கால்ல தொங்குவா, நான் வாசிச்சிட்டிருப்பேன். பியானோவுல எந்த கார்டு வந்தா எந்த ஸ்கேல்ல வாசிக்கணும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்."

"தெரியும் அக்கா."

"நேத்து ரிகர்சல். மர்ட்டில் ஆன்ட்டி பாடுறாங்க. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல நான் சொந்தமா இம்ப்ரவைஸ் பண்ணணும். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. திடீர்னு பியானோக்காரர் அடங்கிட்டார். டிரம்ஸ்காரர் சும்மா தடவிக்கிட்டிருக்கார். யாராவது ஒருத்தர் ஒழுங்கா வாசிக்கணுமில்ல? நான் ட்ராக்ல இருந்த மாதிரியே, அதே வேகத்துல வாசிச்சேன். ஆன்ட்டி பாட்டை நிறுத்திட்டு வெளியே போயிட்டாங்க."

"ஏன்?"

"அவங்க வீட்டுக்காரர் தவறின பிறகு நேத்துதான் முதல் தடவையா பாட வந்தாங்க. வரி மறந்திருக்கும். பழி மட்டும் எனக்கு. நான் வாசிச்சதுல ஒரு நோட்டு தப்புன்னு அவங்கள சொல்லச் சொல்லுங்க பாப்போம். நீங்க வந்து அங்கிள்கிட்ட கேளுங்க மாஸ்டர். இது என்ன நியாயம்?"

மாஸ்டர் திருப்புளியைக் கீழே வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"ஒவ்வொரு தடையும் ஒரு புதிய வாய்ப்பு," என்றார்.

"என்ன?"

"உன்னை நீ நம்பினால் உலகம் உன்னை நம்பும்."

"மாஸ்டர், நான் சனிக்கிழமையைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்."

"காலம் பொன் போன்றது. அதைப் புன்னகையோடு செலவிடுவோம்."

ஜெசிந்தா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்குக் கிண்டலா இருக்குல்ல? பாப்பாவுக்கு நேத்து உடம்பு சுட்டுச்சு. அவங்கப்பாகிட்ட விட்டுட்டுத்தான் ரிகர்சலுக்கு ஓடினேன். திரும்பி வந்து தொட்டா நெருப்பு. ராத்திரி முழுக்க மூச்சு வருதா வருதான்னு மூக்குக்கிட்ட விரலை வெச்சு..."

அவளால் அதை முடிக்க முடியவில்லை. துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "காலையிலதான் காய்ச்சல் இறங்குச்சு," என்றாள்.

"குழந்தைகளின் சிரிப்பே இல்லத்தின் ஒளி," என்றார் மாஸ்டர். "போதிய அளவு நீர் அருந்துவது உடலுக்கு நல்லது."

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"டேய் கிளாட்வின்," என்றாள். மாஸ்டர் என்ற வார்த்தை எங்கேயோ போய்விட்டிருந்தது. "நீ மனுஷனா? கல்லுகிட்ட சொல்லியிருந்தாக்கூட அது பேசாம இருந்திருக்கும்."

"ஏன் அக்கா கோவப்படுறீங்க? 'எவரிடமும் இனிமையாகப் பேசுவது எப்படி'ன்னு ஒரு வீடியோ. அதைப் பாத்து மனப்பாடம் பண்ணினேன். நான் சொன்னதுல எது தப்பு?"

"தப்புன்னு யார் சொன்னா? நான் பேசுறது உன் காதுல விழுதா இல்லையா? அதைச் சொல்லு."

"விழுந்துச்சு அக்கா. மூக்குக்கிட்ட விரலை வெச்சேன்னு சொன்னீங்களே, அங்க உங்க குரல் உடைஞ்சுபோச்சு."

ஜெசிந்தா மறுபடி உட்கார்ந்தாள்.

மாஸ்டர் தன் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மர்ட்டில் ஆன்ட்டிக்குக் குரல் எந்த வரியில அக்கா உடைஞ்சுது?"

ஜெசிந்தா அந்தப் பாட்டை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். அதில் அவளுடைய சாக்ஸபோன் மட்டும்தான் கேட்டது.