தோற்காத சீட்டுக்கட்டு

மனமகிழ் மன்றத்துச் சீட்டு மேசையில் ரைஸ்மில் முதலாளி தெய்வசிகாமணி எட்டு நாளாகத் தோற்கவில்லை. "அந்தச் சீட்டுல அடையாளம் இருக்கு" என்று மன்றத்துச் சமையல்காரி வெள்ளைத்தாய் அடுப்படியில் சொன்னது அவர் காதுக்கு எட்டிவிட்டது.

"காட்டு. காட்டலேன்னா இன்னியோட வேலையை விட்டுப் போயிடு" என்று, ஆடி முடித்த வெள்ளை முதுகுச் சீட்டுக்கட்டை அவள் முன்னால் எறிந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"கண்ணுக்குத் தெரியாதுங்க, தடவுற விரலுக்குத்தான் தெரியும்" என்றாள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, ஒவ்வொரு சீட்டாக முதுகைத் துடைத்தாள். நான்கு சீட்டுகளின் மூலையில் மட்டும் ரத்தச் சிவப்பாகப் பொட்டு மலர்ந்தது. திருப்பிப் பார்த்தால் நான்கும் ஏஸ்.

"எவன் வெச்சான் இதை?" என்று முதலாளி ஈரச் சீட்டுகளின் மேல் ஓங்கி அறைந்தார். கையை எடுத்தபோது உள்ளங்கை மஞ்சளாக இருக்க, அவருடைய ஆள்காட்டி விரல் நுனி மட்டும் சிவந்திருந்தது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது தாயி?" என்று மன்றச் செயலாளர் மெதுவாகக் கேட்டார்.

"எட்டு நாளா முதலாளி சுண்ணாம்பு கேட்டுக்கிட்டே இருந்தாருங்க. வெத்தலை ஒரு தடவைகூடக் கேக்கலை."