முகத்தில் தெரிந்த பாறை

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. சொன்னவரே கதாநாயகன் என்றால் எப்படி நம்புவது?

சொன்னவர் குறிஞ்சிமேட்டு ஏரியில் துடுப்புப் படகு ஓட்டும் பாக்கியநாதன் அண்ணன். துடுப்பு போடுகிறவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, பயணியைப் பார்த்துத்தான் உட்காருவார். ஒருநாள் படகில் ஏறிய புது அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை.

"வழியைப் பார்க்காம ஓட்டறியே! திரும்பி உட்காரு. இல்லேன்னா நாளைக்கு உன் லைசென்ஸ் இருக்காது."

அண்ணன் திரும்பி உட்கார்ந்தார்.

"எனக்கே முதுகைக் காட்டறியா? வழியையும் பாரு, என்னையும் பாரு!"

அண்ணன் பழையபடி உட்கார்ந்துகொண்டார். "ரெண்டும் ஒண்ணுதாங்க ஐயா. வழி உங்க முகத்துலயே தெரியுது."

"ஓகோ! இப்ப என்ன தெரியுதாம்?" என்று கேட்கும்போதே அதிகாரியின் கண் விரிந்தது, கை படகு விளிம்பை இறுக்கியது.

"பாறை வருதுங்க" என்று அண்ணன் திரும்பிப் பார்க்காமலே படகை ஒடித்துத் திருப்பினார். பாறை உரசாமல் விலகிப் போனது. அதிகாரி அதற்குமேல் லைசென்ஸ் பேச்சையே எடுக்கவில்லை.

வருஷந்தோறும் அந்த ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு அண்ணன் படகில்தான் ஏறுவேன். நான் மனம் கனத்து வரும் வருஷங்களில், எதுவும் கேட்காமல் கூடுதலாக ஒரு சுற்று போவார். இந்த முறை இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

"அண்ணே, இத்தனை வருஷமும் என் முகத்தைப் பார்த்துத்தான் ஓட்டினீங்களா?"